கம்ப்ரெசர் வாங்கப் போகிறீர்களா? பிளக்-இன்னா, பெட்டியா என்று முடிவு செய்வதற்கு முன்

வீட்டில் பாட்டு மிக்ஸிங் (தனித்தனியாகப் பதிவு செய்த டிராக்குகளைச் சேர்த்து ஒரே பாட்டாக்குவது) செய்யத் தொடங்கியவர்கள் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் "எந்தக் கம்ப்ரெசர் பிளக்-இன் நல்லது?" என்பதாகத்தான் இருக்கும். கம்ப்ரெசர் என்பது சத்தத்தின் ஏற்ற இறக்கத்தைக் கட்டுக்குள் வைக்கும் கருவி, பிளக்-இன் என்பது அந்த வேலையைக் கம்ப்யூட்டருக்குள் செய்யும் மென்பொருள். கொஞ்சம் காசு சேர்ந்தவுடன் அதே ஆட்கள் "இந்தப் பிளக்-இன் எல்லாம் வேண்டாம், நிஜமான ஹார்ட்வேர் பெட்டி ஒன்றே வாங்கிவிடட்டுமா?" என்று கேட்பார்கள். இரண்டு கேள்விக்கும் பதில் ஒரே இடத்தில் கிடக்கிறது. ஒரு கம்ப்ரெசர் ஒலியை எவ்வளவு வேகமாகப் பிடிக்கிறது, எவ்வளவு மெதுவாக விடுகிறது என்பதை வைத்துத் தேர்ந்தெடுக்கப் பழகிவிட்டால் பெயரும் விலையும் இரண்டாம் பட்சமாகிவிடும். ஈக்யூ, ரிவெர்ப் (அறை எதிரொலி), டிலே போன்ற மற்றக் கருவிகள் எல்லாவற்றையும் இங்கே அடைக்கப் போவதில்லை, கம்ப்ரெசரை மட்டும் பிடித்துக்கொள்கிறேன், ஏனென்றால் புதியவர்கள் அதிகம் குழம்புவதும் அதிகம் செலவழிப்பதும் அதில்தான். ரிவெர்ப் கூடிப்போனால் பக்கத்து அறையில் இருப்பவருக்கே தெரிந்துவிடும், கம்ப்ரெசர் விஷயத்தில் அது வேலை செய்கிறதா இல்லையா என்பதே ஆரம்பத்தில் பாதிப் பேருக்குக் கேட்காது.

சரி, அது செய்கிற வேலை என்ன?

சத்தம் ஒரு அளவைத் தாண்டும்போது தாண்டிய பகுதியைக் குறைப்பது. அந்த அளவுக்கு த்ரெஷோல்டு என்று பெயர். எவ்வளவு குறைப்பது என்பதை ரேஷியோ சொல்லும். ரேஷியோ 4:1 என்று வைத்திருக்கிறீர்கள், பாடகரின் குரல் த்ரெஷோல்டை 8 டெசிபல் தாண்டுகிறது என்றால், வெளியே வரும்போது 2 டெசிபல் மட்டுமே தாண்டியிருக்கும், மீதி 6 டெசிபலைக் கம்ப்ரெசர் விழுங்கிவிடும். உரத்த இடங்கள் இறங்கிவிட்டதால் மொத்தத்தையும் கொஞ்சம் ஏற்றிக்கொள்ளலாம், அதற்குத்தான் மேக்-அப் கெயின். அவ்வளவுதான். இதில் யாருக்கும் சிக்கல் வருவதில்லை. சிக்கல் அட்டாக், ரிலீஸ் என்ற இரண்டு குமிழ்களில் ஆரம்பிக்கிறது, கம்ப்ரெசரின் குணம் முழுவதும் அந்த இரண்டில்தான் இருக்கிறது என்றே சொல்லலாம்.

மிருதங்கத்தை எடுத்துக்கொள்வோம். வலந்தலையில் ஒரு அடி விழுகிறது. முதல் சில மில்லிசெகண்டுகளில் வருவது விரல் தோலில் படும் அந்தக் கூர்மை, அதற்குப் பிறகு வருவது நாதம். அட்டாக் என்பது சத்தம் த்ரெஷோல்டைத் தாண்டியதும் கம்ப்ரெசர் அதைப் பிடித்து அமுக்க எடுத்துக்கொள்ளும் நேரம். அதை 1 மில்லிசெகண்டில் வைத்தால் கம்ப்ரெசர் அந்தக் கூர்மையையே பிடித்து அமுக்கிவிடும், அடி மழுங்கி, வாத்தியம் இரண்டடி பின்னால் தள்ளி உட்கார்ந்ததுபோல் ஆகிவிடும். அதையே 25, 30 மில்லிசெகண்டுக்குத் தள்ளினால் கூர்மை தப்பித்துப் போய்விடும், பின்னால் வரும் நாதம் மட்டும் இறங்கும், அதனால் அடி முன்பைவிடத் துல்லியமாகக் கேட்கும். இரண்டிலும் ரேஷியோ ஒன்றே, குறைக்கிற அளவும் ஏறக்குறைய ஒன்றே, ஆனால் கேட்பவருக்கு இரண்டு வேறு வாத்தியங்கள். இப்படி இருக்கும்போது "மிருதங்கத்துக்கு எந்தப் பிராண்ட் கம்ப்ரெசர்?" என்று கேட்டால் என்ன பதில் சொல்வது? முன்னால் வர வேண்டுமா, பின்னால் போக வேண்டுமா என்று முதலில் சொல்லுங்கள்.

ரிலீஸ் இன்னும் நுட்பமானது. கம்ப்ரெசர் அமுக்கியதை விட்டுவிட்டுப் பழைய நிலைக்கு வர எடுத்துக்கொள்ளும் நேரம் அது. ரொம்ப மெதுவாக வைத்தால் அடுத்த அடி வரும்போதும் முந்தைய அடிக்கான அமுக்கல் தீர்ந்திருக்காது, மெல்லிய அடிகள் எல்லாம் காணாமல் போய்விடும். நிமிடத்துக்கு 120 துடிப்பு வேகத்தில் ஒரு துடிப்பு 500 மில்லிசெகண்ட், அதை நான்காகப் பிரித்து வாசித்தால் அடிக்கும் அடிக்கும் இடையே 125 மில்லிசெகண்ட்தான், ஆகவே ரிலீஸ் 400-இல் இருந்தால் கம்ப்ரெசர் மூச்சு விடவே முடியாது. ரொம்ப வேகமாக வைத்தால் வேறு பிரச்சினை. தொப்பியில் இருந்து வரும் கனத்த ஒலியோ பேஸ் கிட்டாரோ, 60 ஹெர்ட்ஸ் அளவில் இருக்கும் எதுவானாலும், ஓர் அலை முழுவதும் முடியவே 17 மில்லிசெகண்ட் பிடிக்கும். அட்டாக்கும் ரிலீஸும் அதைவிடக் குறைவாக இருந்தால் கம்ப்ரெசர் சத்தத்தின் ஏற்ற இறக்கத்தை விட்டுவிட்டு அலையின் மேடு பள்ளத்தையே பின்தொடர ஆரம்பித்துவிடும், அப்போது கரகரப்பு வரும். பேஸில் திடீரென்று ஏதோ உடைந்த ஸ்பீக்கர் மாதிரி கேட்டால் பிளக்-இன்னைத் திட்டுவதற்கு முன் ரிலீஸை ஏற்றிப் பாருங்கள்.

நீ (ஆங்கிலத்தில் knee, முழங்கால்) என்ற குமிழ் ஒன்று உண்டு, த்ரெஷோல்டை நெருங்கும்போது மெல்ல அமுக்க ஆரம்பிப்பதா, தாண்டியவுடன் சட்டென்று அமுக்குவதா என்பதற்கு. குரலுக்கு மெல்ல, டிரம்ஸுக்குச் சட்டென்று என்று வைத்துத் தொடங்கினால் போதும்.

நான்கு குடும்பங்கள்

கடையில் இருக்கும் நூற்றுக்கணக்கான கம்ப்ரெசர் பிளக்-இன்களில் பெரும்பான்மை பழைய சில பெட்டிகளின் நகல்தான். அந்தப் பெட்டிகள் சத்தத்தை எந்தப் பொருளால் குறைத்தன என்பதை வைத்து நான்கு குடும்பமாகப் பிரிக்கலாம். இதைத் தெரிந்துகொண்டால் ஒரு பிளக்-இன்னின் படத்தைப் பார்த்தவுடனேயே அது வேகமானதா, நிதானமானதா என்று சொல்லிவிடலாம்.

முதலில் எல்ஏ-2ஏ என்ற பெட்டி. 1960-களின் முற்பகுதியில் காலிஃபோர்னியாவின் பசடேனாவில் டெலிட்ரானிக்ஸ் என்ற சிறிய நிறுவனத்தை நடத்திய ஜிம் லாரன்ஸ் உருவாக்கியது. உள்ளே நடப்பது ரொம்ப அழகான விஷயம்: வருகிற ஒலி ஒரு சிறிய ஒளிரும் தகட்டை எரிய வைக்கும், அதற்கு எதிரே ஒளிபட்டால் மின்தடை மாறும் ஒரு பொருள் இருக்கும், சத்தம் கூடக் கூட வெளிச்சம் கூடும், வெளிச்சம் கூடக் கூடச் சத்தம் குறைக்கப்படும். அதனால்தான் இந்த வகைக்கு ஆப்டோ என்று பெயர். அட்டாக் சராசரியாக 10 மில்லிசெகண்ட். ரிலீஸில்தான் விசேஷம். அமுக்கியதில் பாதியை ஏறக்குறைய 60 மில்லிசெகண்டில் விட்டுவிடும், மீதிப் பாதியை விட அரை செகண்டில் இருந்து சில செகண்டுகள் வரை எடுத்துக்கொள்ளும், அதுவும் எவ்வளவு நேரம், எவ்வளவு பலமாக வெளிச்சம் பட்டது என்பதைப் பொறுத்து. ஒளியில் நனைந்த பொருள் அதை உடனே மறப்பதில்லை. அட்டாக் குமிழும் இல்லை, ரிலீஸ் குமிழும் இல்லை, கெயின் ஒன்று, எவ்வளவு அமுக்குவது என்பதற்கு ஒன்று, அவ்வளவுதான். யாரோ ஒருவர் பாட்டைக் கேட்டுக்கொண்டே ஃபேடரைக் கையால் ஏற்றி இறக்குவதுபோல் கேட்கும். நீண்ட ஸ்வரங்களைப் பிடித்துப் பாடும் குரலுக்கு, வீணைக்கு, பேஸுக்கு இது பொருந்துவதற்கு அந்த இரண்டு கட்ட ரிலீஸ்தான் காரணம்.

அதற்கு நேர் எதிர் 1176 என்ற பெட்டி. அமெரிக்க ஒலிப்பொறியாளர் பில் புட்னம் 1967-இல் கொண்டுவந்தது. முந்தைய பெட்டிகளில் வால்வு (வெற்றிடக் குழாய்) இருந்த இடத்தில் எஃப்இடி எனப்படும் டிரான்சிஸ்டர் வந்தது. அட்டாக் 20 மைக்ரோசெகண்டில் இருந்து 800 மைக்ரோசெகண்ட் வரை. இந்த எண்ணைக் கொஞ்சம் நின்று பாருங்கள். மிக மெதுவான இடத்தில் வைத்தாலும் அது 1 மில்லிசெகண்டுக்குக் கீழேதான்! மேலே மிருதங்கத்துக்குச் சொன்ன 25, 30 மில்லிசெகண்ட் வேலையை 1176-ஓ அதை அப்படியே பின்பற்றும் நகலோ செய்ய முடியாது, எவ்வளவு திருப்பினாலும் முடியாது. "டிரம்ஸுக்கு மெதுவான அட்டாக் வை" என்று எங்கோ படித்துவிட்டு 1176 நகலில் அட்டாக் குமிழைக் கடைசிவரை திருப்பி, ஏன் எதுவும் நடக்கவில்லை என்று தலையைச் சொறிபவர்கள் நிறையப் பேர். போதாக்குறைக்கு அதில் குமிழ் தலைகீழ் வேறு, 7 என்பது மிக வேகம், 1 என்பது மெதுவு. த்ரெஷோல்டு குமிழும் கிடையாது, இன்புட்டை ஏற்ற ஏற்ற அமுக்கல் கூடும். ரிலீஸ் 50 மில்லிசெகண்டில் இருந்து 1.1 செகண்ட் வரை. ரேஷியோவுக்கு 4, 8, 12, 20 என்று நான்கு பொத்தான்கள், நான்கையும் ஒரே நேரத்தில் அமுக்கினால் ஒலி முரட்டுத்தனமாக நசுங்கி வெடிக்கும், வடிவமைத்தவர் நினைக்காத அந்த உபயோகத்துக்கென்றே இன்று பிளக்-இன்களில் தனிப் பொத்தான் வைக்கிறார்கள். ராப், குத்துப்பாட்டுக் குரல், எதிர்பாராமல் எகிறும் குரல், இதற்கெல்லாம் 1176.

குரலில் இரண்டையும் ஒன்றன்பின் ஒன்றாகப் போடுவது ரொம்ப காலமாக நடப்பது. முதலில் 1176 எகிறும் முனைகளை மட்டும் 2, 3 டெசிபல் தட்டிவிடும், பிறகு எல்ஏ-2ஏ நிதானமாக மொத்தத்தையும் சமன் செய்யும். ஒரே கம்ப்ரெசரை 8 டெசிபல் உழைக்க வைப்பதைவிட இது இயல்பாகக் கேட்கும், காரணம் எளிது, வேகமான வேலையும் மெதுவான வேலையும் ஒரே ஆளிடம் கொடுக்கப்படவில்லை.

மூன்றாவது குடும்பம் விசிஏ, மின்னழுத்தத்தால் சத்தத்தின் அளவைக் கட்டுப்படுத்தும் சர்க்யூட். 1970-களில் டேவிட் பிளாக்மர் தொடங்கிய டிபிஎக்ஸ் நிறுவனத்தின் 160, பிரிட்டனின் எஸ்எஸ்எல் நிறுவனம் தன் 4000 வரிசை கன்சோலின் (மிக்ஸிங் மேசையின்) நடுவில் பொருத்திய பஸ் கம்ப்ரெசர் (எல்லா டிராக்குகளும் சேரும் இடத்துக்கானது) இரண்டும் இந்த வகைதான். துல்லியமாகச் சொன்னதைச் செய்யும். எஸ்எஸ்எல் பஸ் கம்ப்ரெசரில் அட்டாக் 0.1-இல் இருந்து 30 மில்லிசெகண்ட் வரை ஆறு படிகள், ரேஷியோ 2, 4, 10, ரிலீஸில் ஆட்டோ என்று ஒரு இடம். மிக்ஸ் முழுவதும் போகிற கடைசி ஸ்டீரியோ டிராக்கில் ரேஷியோ 4, அட்டாக் 30, ரிலீஸ் ஆட்டோ என்று வைத்து அமுக்கலைக் காட்டும் முள் 2 டெசிபலுக்கு மேல் ஆடாமல் பார்த்துக்கொண்டால் தனித்தனியாகக் கிடந்த டிராக்குகள் சேர்ந்து மூச்சு விடும். மிருதங்கம், கடம், கஞ்சிரா, டிரம்ஸ் எல்லாவற்றுக்கும் அட்டாக் கூர்மையை நீங்களே தீர்மானிக்க வேண்டுமென்றால் இந்தக் குடும்பம்தான் வசதி.

கடைசியாக வேரி-மியூ, வால்வுகளாலேயே சத்தத்தைக் குறைப்பது. பேர்போன உதாரணம் ஃபேர்சைல்டு 670, 1950-களின் கடைசியில் ரெய்ன் நார்மா வடிவமைத்தது. 20 வால்வுகள், ஏறக்குறைய 30 கிலோ. கிராமஃபோன் ரெக்கார்டு வெட்டும்போது சத்தம் எகிறி வெட்டுமுனை தடம் மாறாமல் இருக்கத்தான் இதைச் செய்தார்கள், பிறகுதான் பாட்டு மிக்ஸ் செய்பவர்கள் அதன் சுவைக்காகப் பயன்படுத்த ஆரம்பித்தார்கள். மென்மையாக ஒட்ட வைக்கும். தொடக்கத்தில் இது இல்லாமல் ஒன்றும் குடிமுழுகிப் போகாது.

பிளக்-இன் வாங்கும்போது

முதலில் உங்கள் ரெக்கார்டிங் சாஃப்ட்வேரிலேயே என்ன இருக்கிறது என்று பாருங்கள். லாஜிக் வைத்திருப்பவர்களின் கம்ப்ரெசரில் ஏழு விதமான சர்க்யூட் இருக்கிறது, விசிஏ, எஃப்இடி, ஆப்டோ எல்லாமே அதற்குள். ஒரே ஜன்னலில் மேலே உள்ள பொத்தானை மாற்றி மாற்றி வித்தியாசத்தைக் கேட்கலாம். ரீப்பர் சாஃப்ட்வேரோடு வரும் ரியாகாம்ப் பார்க்கக் கணக்குப் பரீட்சை மாதிரி இருக்கும், ஆனால் அட்டாக், ரிலீஸ், நீ எல்லாவற்றையும் எண்களாகவே கொடுக்கலாம், கற்றுக்கொள்ள அதைவிடச் சிறந்தது இல்லை என்பேன். இலவசமாக வேண்டுமென்றால் டோக்கியோ டான் லேப்ஸின் கோடெல்னிகோவ் மிக்ஸ் பஸ்ஸுக்கு நல்லது, கிளாங்ஹெல்மின் டிசி1ஏ இரண்டே குமிழ்களோடு வருவது. இவற்றோடு சில பாட்டுகள் முடித்துவிட்டு "எனக்கு இந்த வேகம் கிடைக்கவில்லை" என்று குறிப்பாகச் சொல்ல முடிந்த பிறகு காசு கொடுங்கள்.

வாங்குவதற்கு முன் செய்ய வேண்டிய ஒரே சோதனை சத்தத்தைச் சமன் செய்வது. இதில்தான் எல்லோரும் ஏமாறுகிறோம். பெல் லேப்ஸில் ஃப்ளெட்சரும் மன்சனும் 1933-இலேயே காட்டியதுதான்: சத்தம் கூடினால் காதுக்குத் தாழ்ந்த ஒலிகளும் மிக உயர்ந்த ஒலிகளும் நன்றாகக் கேட்க ஆரம்பிக்கும். ஆகவே ஒரு டெசிபல் உரக்கக் கேட்பது "வார்ம்", "பன்ச்", "ப்ரீமியம்" என்று தோன்றும். நிறையப் பிளக்-இன்கள் திறந்தவுடனேயே கொஞ்சம் சத்தத்தை ஏற்றிக் கொடுக்கும். ஆட்டோ மேக்-அப் இருந்தால் அதை அணைத்துவிட்டு, பைபாஸை (பிளக்-இன்னைத் தற்காலிகமாக விலக்கும் பொத்தான்) அழுத்தினாலும் விட்டாலும் குரல் ஒரே உரப்பில் இருக்குமாறு அவுட்புட்டைச் சரிசெய்யுங்கள். பிறகு கண்ணை மூடிக்கொண்டு பைபாஸ் பொத்தானை எண்ணாமல் பலமுறை தட்டி, எது ஆன், எது ஆஃப் என்பது மறந்துபோன நிலையில் எது பிடிக்கிறது என்று கேளுங்கள். பெரும்பாலான நிறுவனங்கள் சில நாட்கள் காசில்லாமல் பயன்படுத்த விடுகின்றன, அந்த நாட்களை இதற்குச் செலவழியுங்கள். கிராக் செய்த பிளக்-இன் பற்றிக் கேட்க வேண்டாம், பாதி மிக்ஸில் சாஃப்ட்வேர் மூடிக்கொண்டு போகும்போது பதில் தெரியும்.

பழைய பெட்டிகளின் நகலில் இன்னொரு விஷயம் இருக்கிறது. அசல் பெட்டிக்கு +4 டிபியூ என்ற மின்னளவு வந்தால்தான் அதன் முள் பூஜ்ஜியத்தில் நிற்கும். நகல் செய்கிறவர்களில் பலர் கம்ப்யூட்டருக்குள் இருக்கும் மைனஸ் 18 டெசிபலை (அங்கே உச்சம் பூஜ்ஜியம், மற்றதெல்லாம் அதற்குக் கீழே) அதற்குச் சமமாக வைக்கிறார்கள். நீங்கள் குரலை மைனஸ் 3 வரை எகிறும்படி பதிவு செய்துவிட்டு அப்படியே உள்ளே விட்டால், த்ரெஷோல்டு குமிழே இல்லாத 1176 நகல் அசுரத்தனமாக அமுக்கும், "இந்தப் பிளக்-இன் ரொம்ப முரடு" என்று தோன்றும். முதலில் ஒரு கெயின் பிளக்-இன் போட்டு குரலின் சராசரி மைனஸ் 18 பக்கம் வரட்டும், அப்புறம் பேசலாம்.

ஓவர்சாம்ப்ளிங் என்று ஒரு பொத்தான் இருக்கும், பெரும்பாலானவர்கள் அதைத் தொடுவதே இல்லை. 44.1 கிலோஹெர்ட்ஸில், அதாவது செகண்டுக்கு 44,100 தடவை ஒலியை அளந்து வேலை செய்யும் கம்ப்யூட்டரால் 22.05 கிலோஹெர்ட்ஸுக்கு மேலுள்ள எதையும் வைத்துக்கொள்ள முடியாது. ஆனால் வேகமான கம்ப்ரெசரோ டிஸ்டார்ஷனோ புதிய மேல்நிலை ஒலிகளை உருவாக்கும். 15 கிலோஹெர்ட்ஸ் ஒலியின் இரட்டிப்பு 30 கிலோஹெர்ட்ஸ், அதற்கு உள்ளே இடமில்லை, ஆகவே அது மடங்கி 14.1 கிலோஹெர்ட்ஸில் வந்து விழும், பாட்டின் சுருதிக்கும் அதற்கும் எந்தச் சம்பந்தமும் இருக்காது. ஒரு டிராக்கில் இது கேட்காது, இருபது டிராக்கில் சேர்ந்தால் ஜால்ராவும் ஹை-ஹேட்டும் மணல்போல் நெறிக்கும். ஓவர்சாம்ப்ளிங்கை 4 மடங்கு என்று வைத்தால் பிளக்-இன் உள்ளே நான்கு மடங்கு வேகத்தில் கணக்குப் போடும், இப்படி மடங்கி விழுவது குறையும், பதிலுக்குப் பிராசசர் உழைப்பும் தாமதமும் கூடும். எப்போதும் ஆன் செய்து வைக்கத் தேவையில்லை, கடைசியாகப் பாட்டை ஏற்றுமதி செய்யும்போது மட்டும் என்று சில பிளக்-இன்களில் வசதி உண்டு.

ஃபார்மேட் விஷயம் சின்னது, ஆனால் காசு போன பிறகு தெரிந்தால் வலிக்கும்: லாஜிக்குக்கு ஏயூ வேண்டும், புரோ டூல்ஸுக்கு ஏஏஎக்ஸ் வேண்டும், மற்ற பலவற்றுக்கு விஎஸ்டி. சந்தாவா, ஒரே தடவை காசா என்பதையும் பாருங்கள். 2023 மார்ச்சில் வேவ்ஸ் நிறுவனம் இனிமேல் சந்தா மட்டும்தான் என்று அறிவித்து, பயன்படுத்துபவர்கள் கொதித்து எழுந்தவுடன் சில நாட்களிலேயே பழைய முறையையும் திரும்பக் கொண்டுவந்தது. பத்து வருடம் கழித்துப் பழைய புராஜெக்ட்டைத் திறக்க வேண்டியிருக்கும் ஆட்களுக்கு இது முக்கியம்.

பெட்டி எப்போது?

ஹார்ட்வேர் ஆசை புரிகிறது. குமிழைக் கையால் திருப்பும்போது திரையைப் பார்ப்பதை விட்டுவிட்டுக் காதால் கேட்க ஆரம்பிப்போம், அதில் ஒரு உண்மையான லாபம் இருக்கிறது. ஆனால் மிக்ஸிங்குக்காக என்றால் என் கருத்தில் அது கடைசிச் செலவு.

முதல் காரணம் எண்ணிக்கை. 1176 நகல் பிளக்-இன் ஒன்றை வாங்கினால் முப்பது டிராக்கில் திறக்கலாம். பெட்டி ஒன்று வாங்கினால் ஒரு சேனல்தான். ஸ்டீரியோவுக்கு இரண்டு. குரலை அதன் வழியாக அனுப்பித் திரும்பப் பதிவு செய்ய 4 நிமிடப் பாட்டுக்கு 4 நிமிடம் ஆகும், பின்னணிக் குரல் ஆறு டிராக் இருந்தால் ஆறு தடவை. ஒரு வாரம் கழித்து இயக்குநரோ பாடகரோ "குரல் கொஞ்சம் முன்னால் வரட்டுமே" என்றால், குமிழ்கள் எந்த இடத்தில் இருந்தன என்று போனில் எடுத்த போட்டோவைத் தேட வேண்டும்.

இரண்டாவது, இணைப்பு. வீட்டில் இருக்கும் சின்ன ஆடியோ இன்டர்ஃபேஸில் (மைக்கையும் ஸ்பீக்கரையும் கம்ப்யூட்டரோடு இணைக்கும் கருவி) பல சமயம் இரண்டே அவுட்புட்தான் இருக்கும், அவை ஸ்பீக்கருக்குப் போய்விடும், பெட்டிக்கு ஒலியை அனுப்ப வழியே இல்லை. குறைந்தது நான்கு லைன் அவுட்புட்டாவது வேண்டும், ஆக பெட்டியோடு இன்டர்ஃபேஸும் மாற்ற வேண்டிவரும். போய் வரும் ஒலி சில மில்லிசெகண்ட் தாமதமாகும், அதை அளந்து ஈடுகட்ட ரீப்பரில் ரியாஇன்சர்ட், லாஜிக்கில் ஐ/ஓ என்ற பிளக்-இன்கள் இருக்கின்றன. இதை விட்டுவிட்டால் அசலும் திரும்பி வந்ததும் சேர்ந்து ஒலித்து வெற்றுக் குழாய்க்குள் இருந்து வருவதுபோல் சத்தம் வரும். இன்டர்ஃபேஸின் அவுட்புட் மைனஸ் 10 டிபிவி என்ற குறைந்த மின்னளவில் அமைக்கப்பட்டிருந்து பெட்டி +4 எதிர்பார்த்தால் ஏறக்குறைய 12 டெசிபல் குறைவாகப் போய்ச் சேரும், அப்போது பெட்டி தூங்கிக்கொண்டிருக்கும், நீங்கள் இன்புட்டை ஏற்ற ஏற்ற இரைச்சலும் ஏறும்.

மூன்றாவது, பழைய அவசியம் இன்று இல்லை. டேப்பிலும் 16 பிட் டிஜிட்டலிலும் பதிவு செய்த காலத்தில் மெல்லிய இடங்கள் இரைச்சலில் மூழ்காமல் இருக்க உள்ளே வரும்போதே அமுக்கியாக வேண்டியிருந்தது. 16 பிட்டுக்குக் கணக்குப்படி இரைச்சலுக்கும் உச்சத்துக்கும் நடுவில் 96 டெசிபல் இடம், 24 பிட்டுக்கு 144. நிஜ கருவியில் அந்த 144 முழுதாகக் கிடைக்காது, ஆனாலும் குரலை மைனஸ் 18 சராசரியில் நிம்மதியாகப் பதிவு செய்துகொண்டு அமுக்கலைப் பிறகு தீர்மானிக்கலாம்.

அப்படியானால் யார் வாங்கலாம்? குரல் பதிவுதான் முக்கியத் தொழில், தினம் தினம் பாடகர்கள் வருகிறார்கள் என்பவர்கள். மைக் ப்ரீஆம்ப்புக்கும் (மைக்கின் மெல்லிய சிக்னலை ஏற்றும் கருவி) இன்டர்ஃபேஸுக்கும் நடுவில் ஒரு ஆப்டோ பெட்டி இருந்தால் பாடகருக்கு ஹெட்ஃபோனில் தாமதமே இல்லாமல் தன் குரல் பக்குவமாகக் கேட்கும், அவர் பாடும் விதமே மாறும். பாடி முடித்த பிறகு போடும் எந்தப் பிளக்-இன்னாலும் அதைத் தர முடியாது. ஒரே சேனல் போதும், குமிழ்களும் பெரும்பாலும் ஒரே இடத்தில் இருக்கும், ஆகவே மேலே சொன்ன எண்ணிக்கை, இணைப்புத் தொல்லைகள் இங்கே பெரிதாக இல்லை. அசல் பழைய பெட்டிகளைத் தேட வேண்டாம், வார்ம் ஆடியோ, கிளார்க் டெக்னிக் போன்றவர்கள் 1176, எல்ஏ-2ஏ இரண்டுக்கும் நகல் பெட்டிகள் செய்கிறார்கள். வெளிநாட்டில் இருந்து வருகிறவர் கையில் சொல்லி வாங்குவதாக இருந்தால் பின்பக்கம் 115, 230 என்று மாற்றும் சுவிட்ச் இருக்கிறதா என்று கேட்டுவிட்டு வாங்கச் சொல்லுங்கள், அமெரிக்காவில் விற்கும் சில பெட்டிகள் அங்கத்திய மின்சாரத்துக்கு மட்டுமானவை. இறக்குமதி வரியையும் விலையோடு கூட்டிக்கொள்ளுங்கள்.

மற்றவர்கள் அந்தக் காசை அறைக்குப் போடுவது மேல். 10-க்கு 10 அடி அறை, நான்கு பக்கமும் சிமெண்ட் சுவர், கீழே டைல்ஸ், நம்மில் பலருக்கு ஸ்டூடியோ அதுதான். 3 மீட்டர் இடைவெளியில் எதிரெதிர்ச் சுவர்கள் இருந்தால் 57 ஹெர்ட்ஸ் அளவில் ஒலி தேங்கும், அறை சதுரமாக இருந்தால் நீளம் அகலம் இரண்டும் அதே இடத்தில் சேர்ந்து தேக்கும். கிக் டிரம்மும் பேஸும் வாழ்வது அங்கேதான். அடி நின்ற பிறகும் அறையே அதை இழுத்துக்கொண்டிருக்கும்போது கம்ப்ரெசரின் ரிலீஸ் 80-ஆ 200-ஆ என்று எந்தக் காதாலும் சொல்ல முடியாது, எத்தனை லட்ச ரூபாய்ப் பெட்டியாக இருந்தாலும். மூலைகளில் கனமான ராக்வுல் (ஒலியை உறிஞ்சும் பாறை இழை) பேனல்கள், இல்லையென்றால் நல்ல ஓப்பன்-பேக் ஹெட்ஃபோன் ஒன்று.

இவ்வளவுக்கும் பிறகு அந்தப் பெட்டி ஆசை போகவில்லை என்றால், அது இருக்கும் ஒரு ஸ்டூடியோவில் ஓரிரு மணி நேரம் வாடகைக்கு எடுங்கள். நீங்களே பதிவு செய்த குரல் ஒன்றை எடுத்துக்கொண்டு போய், 3 டெசிபல் அமுக்கலில் ஒரு தடவை, 8 டெசிபல் அமுக்கலில் ஒரு தடவை அதன் வழியாகப் பதிவு செய்துகொண்டு வாருங்கள். வீட்டில் அதே குரலுக்கு அதே அளவில் பிளக்-இன்னைப் போட்டு, உரப்பைச் சமன் செய்து, பெயர் தெரியாதபடி யாரையாவது ஃபைல்களை மாற்றிப் போடச் சொல்லிக் கேளுங்கள். 3 டெசிபலில் பிரித்துச் சொல்வது கடினமாக இருக்கும். 8 டெசிபலில் வித்தியாசம் தெரியலாம். உங்கள் பாட்டுகளில் குரலை அவ்வளவு அமுக்குகிறீர்களா என்று பழைய புராஜெக்ட்டுகளைத் திறந்து பார்த்துவிட்டு ஆர்டர் போடுங்கள்.